உள்வளைந்த கத்தியைத் தீட்டும் முறை

நேர் அலகுடைய மடக்குக் கத்தியை எவரும் தீட்டிவிடலாம். நுனிப்பக்கம் புடைத்து, பிடிப்பக்கம் உட்குழிந்து, பாம்பின் நெளிவுபோல் அலகு அமைந்ததாயின் தட்டைக் கல்லே அதற்குப் பகை. இதனை நான் பட்டறிவால் அறிந்தேன். என் தந்தையார் செபராங் பிறையில் பால்மரம் வெட்டியவர். ஜார்ஜ் டவுன் கடையொன்றில் அவர் வாங்கிய அத்தகைய கத்தியை, ஆசிரியர் பயிற்சியின்போது வந்த விடுமுறையில், நாள் முழுதும் தட்டைக் கல்லில் தேய்த்தேன். கூர் வந்தது, வளைவு போயிற்று. தந்தையார் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; மடக்கிப் பையில் இட்டுக்கொண்டார்; ஒன்றும் கூறவில்லை.

நிகழ்ந்தது இதுதான். குழிவின்மேல் தட்டைக் கல்லை வைத்தால் அதன் இருபுறத்து மேடுகளிலேயே கல் படும், பள்ளம் தீண்டப்படாது. பள்ளத்துக்கும் கூர் வரும்வரை தேய்ப்போமாயின், அதற்குள் மேடுகள் கரைந்து அலகு நேராகிவிடும். ஆகவே, கல்லின் வளைவு குழிவின் வளைவினும் இறுக்கமாக இருத்தல் வேண்டும். பால்வெட்டும் கத்தியின் மடிந்த வாய்க்கெனத் தந்தையார் ஒடுங்கிய கல்லொன்றைத் தனியே வைத்திருந்தார். அதனை நாள்தோறும் கண்டும் நான் சிந்திக்கவில்லை! உள்வளைந்த கத்திகளுள் உலகறிந்தது கூர்க்கர்களின் குக்ரி. அதன் உறையில் சக்மக் என்னும் கூரற்ற சிறு எஃகுத் துண்டு இருக்கும். விளிம்பை நீவிச் செம்மை செய்ய அது பயன்படும், குழிவுக்குள்ளும் நுழையும்.

கல்லைப் பற்றியும் ஒரு சொல். குருந்தக் கல்லைப் பொடித்து அரக்கோடு சேர்த்துச் சாணைச் சக்கரம் செய்தல் நம் நாட்டுப் பழைய தொழில். ஆங்கிலத்தின் ‘கொரண்டம்’ நம் குருந்தத்தினின்று பிறந்தது என்று அம்மொழியின் அகராதிகளே கூறும். 1891இல் அமெரிக்கரான அச்சிசன் மின்னுலையில் உண்டாக்கிய கடும்பொருளுக்கு, கரியும் கொரண்டமும் கூடியது எனக் கருதிக் ‘கார்போரண்டம்’ என்று பெயரிட்டார். உண்மையில் அது கரியும் சிலிக்கனும் சேர்ந்தது. கருத்துப் பிழையாயினும் பெயர் நின்றுவிட்டது. நம் சொல்லும் அதனுள் நின்றுவிட்டது.

இனிச் செய்முறை. குழிவைவிட மெல்லிய உருண்டைக் கோலில், நீரில் நனைத்தாலும் கெடாத உப்புத்தாளைச் சுற்றுக. விளிம்பில் கருமை பூசிக்கொண்டால், கருமை அழியும் இடமே கோல் படும் இடம். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 பாகைச் சாய்வு போதும். கோலை முதுகுப்புறம் நின்று விளிம்பு நோக்கி இழுத்து வெளியேற்றுக. எதிர்த்திசையில் தள்ளினால் தாள் அறுபடும். இழுக்கும்போதே பிடியிலிருந்து நுனிப்பக்கமாக நகர்ந்துகொண்டே இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் நின்றால் அங்கே புதுப் பள்ளம் விழும். மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்பட்டால் அப்பக்கம் போதும், கத்தியைத் திருப்புக. விரலை விளிம்பின் குறுக்கே வெளிநோக்கித் தடவுக, நெடுக ஓட்டற்க. பின்னர் நுண்ணிய தாள். இறுதியில் கோலின்மேல் சுற்றிய தோல். புடைத்த நுனிப்பக்கத்துக்கு மட்டும் தட்டைக் கல்லைப் பயன்படுத்தலாம்.

தீட்டும்போது உதிரும் பொடி மடக்கின் கீலில் புகுந்து அதனை அரிக்கும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்ட பின்னரே கத்தியை மடக்குக.