பாண்டு வாத்தியாருக்கும் பள்ளிக்கூடம்!

சிகாகோ:

பள்ளிக்கூட பாண்டு வாத்தியார் பாடு லேசுப்பட்டதல்ல. அவர் முறையாகக் கற்றது டிரம்பட் ஒன்றாக இருக்கும். ஆனால் கிளாரினெட், புல்லாங்குழல், டிரம் அத்தனையும் அவரே சொல்லித்தர வேண்டும். ஒரு பையன் தப்பாக ஊதிப் பழகிவிட்டால், பிறகு திருத்துவது பெரும்பாடு! சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியாரையா?

இந்தத் தவிப்புக்கு மருந்து தர அமெரிக்காவின் சிகாகோவில் 1946-ல் தொடங்கியதுதான் "மிட்வெஸ்ட் கிளினிக்". பெயரைப் பார்த்து டாக்டர் கிளினிக் என்று நினைத்துவிட வேண்டாம்! புதிய பாண்டு இசையை வாசித்துப் பார்க்கத்தான் முதலில் கூடினார்கள். இப்போது டிசம்பர் தோறும் ஆயிரக்கணக்கில் குவிகிறார்கள். 2009 முதல் மெக்கார்மிக் பிளேஸ் மண்டபத்தில் நடக்கிறது.

ஒரு பக்கம் வகுப்பு, மறுபக்கம் கச்சேரி. உதட்டை எப்படி வைப்பது, மூச்சை எப்படி விடுவது என்று நரைத்த வாத்தியார்களும் மாணவர்களாக உட்கார்ந்து கேட்கிறார்கள். கைக்காசு போட்டு வருகிறவர்களும் உண்டு.