மணி அடித்தால் மட்டும் போதுமா?

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் போனால் வேங்கிக்கால் வரும். மாவட்டக் கலெக்டர் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது.

திங்கட்கிழமை, கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறை கேட்கும் நாள். அன்று காலையில் அந்தச் சாலையைப் பார்க்க வேண்டும்!

பட்டா கேட்டு ஒருவர் வருகிறார். முதியோர் பணம் நின்று போயிற்று என்று ஒரு பாட்டி வருகிறார். சிலர் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். சிலர் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். பழைய சைக்கிளில், கைப்பிடியில் மஞ்சள் பையைத் தொங்கவிட்டு, அதற்குள் மனுவைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

அதே சாலையில் வேலூர் பஸ் பறக்கிறது. மணல் லாரி போகிறது. பள்ளிப் பிள்ளைகள் பேசிக்கொண்டே சைக்கிள் மிதிக்கிறார்கள். பால்காரர் கேனோடு போகிறார்.

இத்தனை பேருக்கும் சாலை ஒன்றுதான். இவர்களுக்கு நடுவில் அகப்பட்டுக் கொண்டவர் யார்? சைக்கிள்காரர்தான்!

அவருடைய நிலைமை விசித்திரமானது. பஸ்ஸுக்கு முன்னால் அவர் எலி. நடந்து போகிற பாட்டிக்கு முன்னால் அவரே புலி! பின்னால் ஹாரன் சத்தம் கேட்டால் நெஞ்சு பதறுகிறது. ஆனால், தன் மணிச் சத்தம் கேட்டு இன்னொருவர் நெஞ்சு பதறும் என்பது மட்டும் ஏனோ நினைவுக்கு வருவதில்லை.

வெறுங்காலோடு வருகிறவர்கள்

மற்ற பல ஊர்களுக்கு இல்லாத ஒரு சங்கதி திருவண்ணாமலைக்கு உண்டு. அதுதான் கிரிவலம்.

மலையைச் சுற்றி 14 கிலோ மீட்டர் பாதை. பௌர்ணமி தோறும் லட்சக்கணக்கானவர்கள் அதைச் சுற்றி நடக்கிறார்கள். மலையை வலப்பக்கமாக வைத்துச் சுற்ற வேண்டும். பாதையின் இடது ஓரமாக நடக்க வேண்டும். காலில் செருப்பு இருக்கக் கூடாது. இதுதான் வழக்கம்.

சைக்கிள்காரர் எந்தப் பக்கம் போக வேண்டும்? அவரும் இடது ஓரம்தான். சாலை விதி அப்படித்தான் சொல்கிறது.

ஆக, வெறுங்காலோடு நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் ஒரே ஓரம்! நடப்பவர் மணிக்கு 4 அல்லது 5 கிலோ மீட்டர் போவார். சைக்கிள் நிதானமாகப் போனாலே 15 கிலோ மீட்டர் போகும். பழைய கனமான சைக்கிள், அதன்மேல் ஓர் ஆள். அந்தப் பாரம் முழுவதும் விரல் அகலமே உள்ள டயரில் இறங்குகிறது. செருப்பில்லாத கால் விரல்மீது அந்தச் சக்கரம் ஏறினால் என்ன ஆகும்? பதினாலு கிலோ மீட்டரில் பாதியில் ஒரு யாத்திரீகர் உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

பௌர்ணமி கூட்டத்தில் மாட்டிக்கொண்டால், பழகிய சைக்கிள்காரர் என்ன செய்கிறார்? இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார். இருநூறு கஜம் தள்ளினால் எவ்வளவு நேரம் வீணாகும்? கணக்குப் பார்த்தால் இரண்டு நிமிஷம் கூட ஆகாது!

கார்த்திகை தீபத்தன்று இன்னும் நெருக்கடி. ஊருக்கு வெளியே சாலைகளில் தற்காலிகப் பஸ் நிலையங்கள் போட்டுவிடுவார்கள். பஸ்ஸை விட்டு இறங்கினவர்கள் மூட்டையும் பிள்ளையுமாகச் சாலை நெடுக நடப்பார்கள். அவர்கள் கண் கீழே பார்க்காது. மலை உச்சியைத்தான் பார்க்கும். அவர்களைக் கோபித்துப் பயன் இல்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டியவர் சைக்கிள்காரர்தான்.

எங்கே அடிப்பது?

மணி இருக்கிறதே, அடித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது!

ஆளின் முதுகுக்குப் பின்னால், இரண்டடி தூரத்தில் போய் 'ட்ரிங்' என்று அடித்தால் என்ன நடக்கும்? அவர் திடுக்கிட்டுத் துள்ளுவார். இடப்பக்கம் துள்ளுவாரா, வலப்பக்கம் துள்ளுவாரா? அது அவருக்கே தெரியாது. பாதிப் பேர் சைக்கிள் வருகிற பக்கமாகவே துள்ளுவார்கள்! முட்டிய பிறகு, "மணி அடித்தேனே, காது கேட்கவில்லையா?" என்று சண்டை வேறு.

இருபது முப்பது அடி தூரத்திலேயே மெதுவாக ஒரு தரம் அடிக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்த்து, ஒதுங்கி நிற்க நேரம் கொடுக்க வேண்டும். வயதானவராக இருந்தால் மணியைவிட வாய்ச்சொல் மேல். "பெரியவரே, வலப்பக்கமாப் போறேன்" என்றால் அவர் அசையாமல் நிற்பார். நின்றவரைச் சுற்றிப் போவது சுலபம். துள்ளுகிறவரைச் சுற்றிப் போக யாராலும் முடியாது.

இந்த மணி விவகாரம் இன்று நேற்று வந்ததல்ல. 1817-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர், மிதிகட்டை இல்லாத இரண்டு சக்கர வண்டி ஒன்றைச் செய்தார். காலால் தரையை உந்தி ஓட்ட வேண்டும். அதுவே சைக்கிளுக்குப் பாட்டன்! அதை நடைபாதையில் ஓட்டி மக்களுக்குத் தொல்லை கொடுத்தார்கள். பல நகரங்களில் தடையே போட்டுவிட்டார்கள்.

பிறகு மிதிகட்டை வந்தது. சங்கிலி வந்தது. 1888-ல் டன்லப் என்பவர் காற்று அடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அதே 1888-ல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. சைக்கிளும் ஒரு வண்டிதான், சாலையில் அதற்கும் உரிமை உண்டு என்றது அந்தச் சட்டம். கூடவே ஒரு கட்டளை! ஆளையோ குதிரையையோ வண்டியையோ தாண்டிப் போவதற்கு முன், தக்க தூரத்திலேயே மணி அடித்தோ விசில் ஊதியோ எச்சரிக்க வேண்டும். உரிமையும் பொறுப்பும் ஒரே காகிதத்தில் வந்தன.

ஜப்பானில் நேர் மாறு. அங்கே அவசியம் இல்லாமல் மணி அடித்தால் சட்டப்படி குற்றம். "வழி விடு" என்று ஆளை விரட்டுவதற்கு மணி அல்ல என்பது அவர்கள் கட்சி. டென்மார்க்கில் சைக்கிளை நிறுத்தப் போகிறவர் ஒரு கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக் காட்டுவார். பின்னால் வருகிறவர் முட்டாமல் இருக்கத்தான். ரமணாசிரமப் பக்கம் சைக்கிளில் சுற்றும் வெளிநாட்டார் சிலர் இப்படிக் கையைத் தூக்கினால், யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட வேண்டாம்!

ஐந்தடி இடம்

இனி எலியின் கதைக்கு வருவோம்.

சைக்கிள் நேர்கோட்டில் போவதாகத் தோன்றும். உண்மையில் அது போவதில்லை. கைப்பிடியைச் சிறிது இப்படியும் சிறிது அப்படியும் ஒடித்துத்தான் ஓட்டுகிறவர் விழாமல் இருக்கிறார். வேகம் குறையக் குறைய ஆட்டம் அதிகம். மேடு ஏறும்போதும் சுமை இருக்கும்போதும் இன்னும் அதிகம். எதிரே பள்ளம் வந்தால் ஒடித்துத்தான் ஆக வேண்டும்.

பெரிய பஸ் ஒட்டி உரசிப் போகும்போது அதன் காற்று முதலில் சைக்கிளை வெளியே தள்ளும். அடுத்த கணம் உள்ளே இழுக்கும். பழகாதவர் தடுமாறிப் போவார். பஸ் மேலே படாமலே ஆள் கீழே விழுவது இப்படித்தான்.

பிரிட்டனில் 2022 ஜனவரியில் சாலை விதிப் புத்தகத்தைத் திருத்தினார்கள். யாரால் அதிகத் தீங்கு நேருமோ அவருக்கே அதிகப் பொறுப்பு என்று அதில் எழுதினார்கள். லாரிக்காரர் கார்க்காரரைப் பார்த்துப் போக வேண்டும். கார்க்காரர் சைக்கிள்காரரைப் பார்த்துப் போக வேண்டும். சைக்கிள்காரர் நடப்பவரைப் பார்த்துப் போக வேண்டும். சைக்கிளைத் தாண்டும் கார் குறைந்தது ஒன்றரை மீட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்தடி இடம் விட வேண்டும். நிறுத்திய காரின் கதவைத் திறக்கும்போது, கதவுக்குத் தூரமாக உள்ள கையால் திறக்க வேண்டும். அப்படித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும். பின்னால் சைக்கிள் வருகிறதா என்று கண்ணில் படும். காசு செலவில்லாத வித்தை!

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் நடந்து போனவர்கள் 32,825 பேர் மாண்டார்கள் என்கிறது மத்திய அரசின் கணக்கு. சைக்கிளில் போனவர்கள் நாலாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். மரியாதை என்பது உபசார வார்த்தை என்று நினைப்பவர்கள் இந்த எண்களை இன்னொரு தரம் படிக்கட்டும்.

"என்ன ஆச்சுங்க?"

ஒரு காலத்தில் சைக்கிளுக்கே கெடுபிடி அதிகம். நகராட்சிக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டும். இருட்டினால் விளக்கு எரிய வேண்டும். பின்னால் ஆளை ஏற்றினால் "டபுள்ஸ்" என்று போலீஸ்காரர் பிடித்துக்கொள்வார். போலீஸ்காரர் நிற்கும் இடம் எது என்று, எதிரே வருகிற முன்பின் தெரியாத சைக்கிள்காரர் கண்ணைச் சிமிட்டிச் சொல்லிவிட்டுப் போவார். சட்டப்படி இது சரியல்ல. ஆனால் சிநேகம் இருந்தது!

சங்கிலி கழன்று ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருந்தால், தாண்டிப் போகிறவர் ஒரு காலை ஊன்றி நின்று, "என்ன ஆச்சுங்க?" என்று கேட்பார். பஞ்சர் என்றால் கடை எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று சொல்வார். இந்தக் கேள்விக்கு இன்றும் வேலை இருக்கிறது. பள்ளியில் அரசு கொடுத்த இலவசச் சைக்கிளில் போகிற பிள்ளைகள் கிராமத்துச் சாலையில் ஏராளம். சங்கிலியை மாட்டத் தெரியாமல் கையெல்லாம் எண்ணெயோடு முழிக்கிற பெண்ணுக்கு ஒரு பெரியவர் இறங்கி மாட்டிக் கொடுத்தால், அடுத்த தடவை அவளே மாட்டிக்கொள்வாள்.

அதே பிள்ளைகள் மூன்று பேர் நான்கு பேராகச் சாலையை அடைத்துக்கொண்டு, தோள்மேல் கை போட்டுக்கொண்டு போகிறார்களே, அதைப் பற்றி வீட்டில்தான் சொல்ல வேண்டும். லாரி டிரைவர் ஹாரன் அடிப்பாரே தவிர, எடுத்துச் சொல்ல மாட்டார்.

புதுக்கோட்டைப் பெண்கள்

2024-ஆம் ஆண்டில் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. அதோடு சேர்ந்து மாநகராட்சி ஆன ஊர்களில் ஒன்று புதுக்கோட்டை. சைக்கிள் விஷயத்தில் புதுக்கோட்டைக்கு ஒரு தனிப் பெருமை உண்டு.

1991-ஆம் ஆண்டில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து மக்களுக்குத் தொண்டர்கள் மாலை வேளையில் பாடம் நடத்தினார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக் கொடுப்பது என்று முடிவாயிற்று. பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கிடைக்கவும் ஏற்பாடு ஆயிற்று.

அதுவரை சைக்கிளைத் தொட்டே பாராத பெண்கள் அவர்கள். கூலி வேலை செய்பவர்கள், கல் உடைப்பவர்கள், பாலர் பள்ளி ஆயாக்கள், கிராம நர்சுகள். பஸ்ஸுக்காகவோ, கணவனோ அண்ணனோ கொண்டுபோய் விடுவதற்காகவோ காத்திருந்தே பழகியவர்கள். முதலில் கற்றுக்கொண்டவர் அடுத்தவருக்குக் கற்றுக் கொடுத்தார். ஒருத்தி சைக்கிள் மேல், இன்னொருத்தி பின்னால் பிடித்துக்கொண்டு ஓட்டம்!

ஊர் சும்மா இருந்ததா? கேலி செய்தது. ஒழுக்கத்தைப் பற்றியே கேவலமாகப் பேசியவர்களும் இருந்தார்கள். புதிதாக ஓட்டுகிறவருக்குக் கை நடுங்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் வந்து விசில் அடிப்பதும், கிட்டே உரசிப் போவதும் எவ்வளவு பெரிய கொடுமை என்பது ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒருத்தி விழுந்தால் வீட்டார், "இனி வேண்டாம்" என்பார்கள். அவளோடு அந்தத் தெருவில் நாலு பெண்களின் சைக்கிள் நின்றுபோகும்.

ஆனால் பெண்கள் விடவில்லை. கூட்டமாகப் போனார்கள். 1992-ஆம் ஆண்டு சர்வதேச மகளிர் தினத்தன்று 1500 பேருக்கு மேல், கைப்பிடியில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். நகரம் வாயைப் பிளந்து நின்றது! சைக்கிள் கற்றவர்கள் தொகை லட்சத்தைத் தாண்டியது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் பார்த்து எழுதியதால் உலகத்துக்கே தெரிய வந்தது.

கேலி செய்தவர்கள் என்ன ஆனார்கள்? சில காலத்தில் கேலி ஓய்ந்தது. தினமும் நூறு பெண்கள் போகிற சாலையில் யாரைப் பார்த்து விசில் அடிப்பது?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இத்தனை பேருக்கும் பெண்கள் சைக்கிள் கடைகளில் கிடைக்கவில்லை. பலர் ஆண்கள் ஓட்டும், குறுக்குக் கம்பி வைத்த சைக்கிளையே ஓட்டினார்கள். ஓட்டிப் பழகிய பிறகு, அதுவே மேல் என்று சொல்லிவிட்டார்கள். ஏன்? குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமே! கம்பியில் குழந்தை, பின்னால் இரண்டு பக்கமும் தண்ணீர்க் குடம். மணி அடிக்க மிச்சம் இருந்தது ஒரு கட்டை விரல்தான்.