எனக்கு எது விருப்பம்?



வாழ்வாதாரம், சட்டம், சுகாதாரம், பிள்ளை வளர்ப்பு என்று எப்போதும் பாரமான விடயங்களையே நாம் கதைக்கிறோம். இம்முறை கொஞ்சம் இலேசாகக் கதைப்போம். நம் ஒவ்வொருவரிடமும் சில சின்னப் பழக்கங்கள், ஆசைகள், பிடிவாதங்கள் இருக்கின்றன. வீட்டில் உள்ளவர்கள் "இது என்ன கூத்து?" என்று சிரிப்பார்கள். அப்படிப்பட்டவை பற்றித்தான் இந்தக் கட்டுரை. மற்றவர்களின் குணங்களைப் பற்றி எழுதினால் அது புறணியாகிவிடும். ஆகவே என்னிலிருந்தே தொடங்குகிறேன்.

பிளேன்ரீயும் பனங்கட்டியும்

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்க வந்து, வேலையும் இங்கேயே கிடைத்ததால் கண்டியில் தங்கிவிட்டேன். காலை ஐந்தரைக்கு எனக்கு பிளேன்ரீ வேண்டும். அதில் சீனி போடக்கூடாது. பனங்கட்டித் துண்டைக் கடித்துக் கடித்துத்தான் குடிப்பேன். பூப்போட்ட கோப்பையில் தந்தால் எனக்கு ருசிக்காது. சில்வர் பேணிதான் வேண்டும்.

ஊரிலிருந்து வந்த பனங்கட்டி முடிந்துவிட்டால் கித்துள் கருப்பட்டியால் சமாளிப்பேன். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவும் கருப்பட்டி கடித்தே தேநீர் குடிப்பவர். நான் கண்டிக்கு வந்து அவர்களின் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன் என்பது அவரது முடிவு. அவர் எங்கள் ஊர்ப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார் என்பது என் முடிவு. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

இது என் சொந்த விருப்பம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் படித்த சமூகவியல் சும்மா விடுவதில்லை. 1867 இல் ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். பிறகு கோப்பிச் செடிகள் நோயில் அழிய, மலைகள் எல்லாம் தேயிலையாகின. தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட பெண்களின் விரல்கள் அந்தக் கொழுந்தைப் பறித்தன. அதனால்தான் பனை வளரும் ஊரில் பிறந்த எனக்குக் காலையில் தேயிலைச் சாயம் தேவைப்படுகிறது. நம் பழக்கம் என்று நாம் நினைப்பதில் பாதி சரித்திரம்தான்.

போர் விட்டுப்போன பழக்கங்கள்

என் மற்றப் பழக்கங்களுக்குச் சரித்திரம் தேடவே தேவையில்லை. அவை எங்கிருந்து வந்தன என்று உங்களுக்கே தெரியும்.

வெறும் ஐஸ்கிறீம் டப்பா, பொலித்தீன் பை, இறப்பர் வளையம் எதையும் நான் எறிவதில்லை. மெழுகுதிரி எரிந்து முடிந்த அடிக்கட்டைக்கும் ஒரு ரின் வைத்திருக்கிறேன். 1990 இற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் அருமை. ஜாம் போத்தலில் கொஞ்ச மண்ணெண்ணெயும் பஞ்சும் திரியும் வைத்து எரித்த விளக்கில்தான் எங்கள் வீட்டில் படிப்பும் சமையலும் நடந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டோம். சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம். அப்படி வளர்ந்தவளுக்கு ஒரு வெறும் போத்தலைக் குப்பையில் போட எப்படி மனம் வரும்?

கண்டித் தோழிகள் என் மெழுகுதிரி ரின்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். 2022 இல் நாடு முழுவதும் எரிவாயுவுக்கு வரிசை நின்றது. ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அப்போது சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, "தங்கச்சி, ஒரு திரி இருந்தால் தாறியா?" என்று கேட்டார்கள். கொடுத்தேன். கணக்கும் எழுதி வைத்தேன்!

இன்னொன்று பத்திரப் பை. பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், காணி உறுதியின் பிரதி எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி ஒரே பையில் வைத்து, அந்தப் பையைக் கதவடியில் தொங்கவிட்டிருக்கிறேன். 1995 ஒக்டோபர் 30 வலிகாம இடப்பெயர்வின்போது எனக்கு ஆறு வயது. அம்மா ஒரு கையில் என்னையும் மறு கையில் அந்தப் பையையும் பிடித்திருந்தார். இரண்டில் எதை இறுக்கமாகப் பிடித்தீர்கள் என்று இன்றும் கேட்பேன். "பையைத்தான். நீ கத்திக்கொண்டு பின்னாலே வருவாய், பை வராது" என்பார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் கண்டி மாவட்டத்தின் மலைகள் சரிந்த பிறகு, என் பையைப் பார்த்து இப்போது யாரும் சிரிப்பதில்லை.

சத்தங்களும் உண்டு. எசல பெரஹரா தொடங்கும்போது வெடி போடுவார்கள். முன்னால் வருபவர்கள் சாட்டையைச் சுழற்றி அடித்து ஓசை எழுப்புவார்கள். யானைகளையும் கண்டி நடனத்தையும் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. சத்தம் கேட்கவோ ஆகாது. ஆகவே இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு வீதியோரம் உட்காருவேன். பக்கத்தில் இருப்பவர்கள் காதுவலியா என்று விசாரிப்பார்கள். ஓம் என்று தலையாட்டிவிட்டு யானையைப் பார்ப்பேன். பயத்துக்காக ஒரு பெரஹராவை ஏன் இழக்க வேண்டும்?

தொப்பி பின்னிய கைதி

ஊரும் உடைமையும் போன பின்னரும் தன் பழக்கத்தை விடாத ஒருவரின் கதை கண்டியிலேயே இருக்கிறது. றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் 1660 இல் மூதூர்ப் பக்கம், கொட்டியாரக் குடாவில், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார். அப்போது அவருக்கு வயது 19. கப்பல் தலைவரான தந்தையும் கூடவே பிடிபட்டு, அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்துபோனார். மகன் கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் ஏறத்தாழ இருபது வருடம் கைதியாக வாழ்ந்தார்.

கொண்டுவந்த உடுப்பு கிழிந்து, செருப்பும் போய், வெறுங்காலோடு நடந்தார். ஆனால் தொப்பி பின்னக் கற்றுக்கொண்டார். பின்னி விற்றே சீவனம் நடத்தினார். ஒருநாள் ஒரு முதியவரிடம் ஓர் ஆங்கில வேதாகமம் இருப்பது தெரியவந்தது. அந்நிய மண்ணில் தன் மொழியில் ஒரு புத்தகம்! கடைசியில் அது கைமாறிய விலை, பின்னிய ஒரு தொப்பி. 1679 இல் ஒரு நண்பரோடு தப்பி, அநுராதபுரம் வழியாகக் காட்டுக்குள் நடந்து, மன்னார் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681 இல் இலண்டனில் அவரது நூல் வெளிவந்தது.

மூதூர், கண்டி, அரிப்பு. நம்மில் பலருக்கு இந்தப் பாதை புதிதல்ல. அவர் உயிரோடு இருந்ததற்குச் சோறு காரணம். றொபேட் நொக்ஸாகவே இருந்ததற்கு அந்தப் புத்தகமும் அவர் வேண்டாம் என்று மறுத்த சிலவும் காரணம் என்று நினைக்கிறேன். நூலும் ஊசியும் பிடிக்கும் சகோதரிகளுக்கு இது நன்றாக விளங்கும்.

"எனக்கு எதுவும் பரவாயில்லை, மிஸ்"

கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் எங்கள் பெண்கள் குழுக் கூட்டங்களுக்கு வருபவர்கள் பலதரப்பட்டவர்கள். வடக்கு கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். 1977, 1983 வன்செயல்களில் மலையகத்தைவிட்டு வன்னிக்குப் போய், போர் முடிந்தபின் உறவுகளைத் தேடித் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். ஒருமுறை கூட்டத் தொடக்கத்தில் ஒரு கேள்வி கேட்டேன்: "உங்களுக்கு மிகவும் விருப்பமான ஒன்றைச் சொல்லுங்கள்."

ஒருவர், "மகனுக்கு முட்டைப் பொரியல் விருப்பம்" என்றார். இன்னொருவர், "இவருக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது" என்றார். "உங்களுக்கு?" என்று திருப்பிக் கேட்டேன். "எனக்கு எதுவும் பரவாயில்லை, மிஸ்" என்று பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னார்கள்.

இது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். முகாமில் அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்று எல்லோருக்கும் ஒரே பொதி. உடுப்பும் வந்த அளவில்தான். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்தவர்களிடம் "உங்களுக்கு எது விருப்பம்?" என்று யார் கேட்டார்கள்? இல்லாத இடத்தில் விருப்பம் சொல்வது மரியாதை இல்லை என்று வாய் பழகிவிட்டது. வீட்டிலோ அதற்கு முன்பிருந்தே அந்தப் பழக்கம்தான்.

ஏர்விங் கொஃப்மன் என்ற சமூகவியலாளர் 1950களின் நடுப்பகுதியில் வாஷிங்டனில் ஒரு மனநோய் மருத்துவமனையில் ஆய்வு செய்து, 1961 இல் ஒரு நூல் எழுதினார். இப்படியான மூடிய நிலையங்களுக்குள் நுழைபவரின் சொந்த உடுப்பு, சீப்பு, அலங்காரப் பொருள் எல்லாம் வாங்கப்படும்போது, "நான் இன்னார்" என்று காட்டுவதற்கான கருவிகளே அவரிடமிருந்து போய்விடுகின்றன என்று அதில் விளக்கினார். அந்த நூலைப் படித்தபோது எனக்கு முகாம் வரிசைதான் ஞாபகம் வந்தது.

அன்று கூட்டத்தில் நான் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர், "அடிப்பிடிச்ச சோறு விருப்பம். அதுக்காகவே சில நாள் அடுப்பை நூர்க்காமல் விடுவன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது: உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய், மண்ணெண்ணெய் மணம், பஸ்ஸில் யன்னல் கரை, எல்லோரும் படுத்தபின் தனியே இருந்து பழைய பாட்டுக் கேட்பது.

கடைசியில், போரில் கணவரை இழந்த ஒரு சகோதரி மெதுவாகச் சொன்னார்: "எனக்கு மல்லிகைப்பூ விருப்பம். இப்ப வைக்கிறேல்ல." சிரிப்பு நின்றுவிட்டது. தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா அவர் தோளைத் தட்டி, "வச்சுக்கம்மா. பூ என்னா யாரையும் கேட்டுக்கிட்டா பூக்குது?" என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு அந்தச் சகோதரி பூ வைத்துக்கொண்டு வரவில்லை. வாசலில் ஒரு மல்லிகைக் கன்று நட்டிருப்பதாகச் சொன்னார். எனக்கு அது போதும். எப்போது வைப்பது, வைப்பதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டியவர் அவர் மட்டுமே.

உதட்டுச் சாயம் செய்த வேலை

"வயிற்றுக்கே போராட்டம், இதில் பூவும் பாட்டுமா?" என்று சிலர் கேட்கலாம். 1945 ஏப்ரல் 15 இல் பிரித்தானியப் படை ஜேர்மனியின் பேர்கன்-பெல்சன் வதைமுகாமை விடுவித்தது. பிணங்களுக்கிடையே எலும்பும் தோலுமாகப் பெண்கள் கிடந்தார்கள். மருந்துக்கும் உடுப்புக்கும் தவித்துக்கொண்டிருந்த வேளையில் பெருந்தொகை உதட்டுச் சாயம் வந்து சேர்ந்தது. மருத்துவப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த லெப்டினன்ட் கேணல் கொனினுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு அவரே எழுதி வைத்தார்: அந்தப் பெண்களுக்கு அதைவிட வேறெதுவும் அவ்வளவு உதவவில்லை. உடுக்க ஒழுங்கான துணி இல்லாமலே உதட்டைச் சிவப்பாக்கிக்கொண்டார்கள். கையில் குத்திய இலக்கமாக இருந்தவர்கள் மறுபடி தனித்தனி ஆட்களானார்கள்.

இன்று பல நிவாரண நிறுவனங்கள் இயலுமான இடங்களில் பொதிக்குப் பதிலாகப் பணமோ கூப்பனோ கொடுத்து, தேவையானதைக் குடும்பமே தெரிவுசெய்ய விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். தெரிவு செய்வதும் மனிதருக்கு ஒரு தேவை.

எப்போது உதவி தேட வேண்டும்?

எல்லாப் பழக்கத்தையும் சிரித்து விட்டுவிட முடியாது. பை தொங்குவதால் நிம்மதியாகத் தூங்க முடிகிறது என்றால் அது தொங்கட்டும். ஆனால் பையைப் பத்துத் தரம் சரிபார்த்தும் தூக்கம் வராவிட்டால், சத்தத்துக்குப் பயந்து வீட்டைவிட்டு வெளியே போகவே முடியாவிட்டால், விருப்பமானது எதுவுமே மனதுக்கு வராமல் வாரக்கணக்கில் இருந்தால், உதவி கேளுங்கள். அரச வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும், பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கும் அழைக்கலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மற்றவர்களுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். பிள்ளையின் பழைய கொப்பியில் ஒரு தாள் எடுங்கள். உங்களுக்கு விருப்பமான மூன்றை எழுதுங்கள். கணவர், பிள்ளை, மாமியார், கடவுள் யாருடைய விருப்பமும் அதில் வரக்கூடாது. மூன்றில் செலவில்லாத ஒன்றை இந்தக் கிழமைக்குள் செய்துவிடுங்கள். "இது என்ன கூத்து?" என்று வீட்டில் யாராவது கேட்டால், அவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.