நீரை வெளியே இறைத்த காற்றாலைகள்

ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008 ஜூலை 7 அன்று ஒன்றாகவே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. மலாக்காவை 1641-இல் கைப்பற்றிய டச்சுக்காரர்களின் தாய்நாட்டில், 1997-இலேயே அப்பட்டியலில் சேர்ந்த ஓர் இடம் உண்டு. அது கோட்டையன்று, தேவாலயமன்று. கிண்டர்டைக் என்னும் ஊரில் நிற்கும் 19 காற்றாலைகள். அவை இயங்கும் விதத்தை அறியும் ஆவலில்தான், ஒரு பொறியியல் மாணவனாக, அவற்றைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

காற்றாலை என்றதும் பலருக்கு மாவரைக்கும் ஆலையே நினைவுக்கு வரும். இவை நீர் இறைக்கக் கட்டப்பட்டவை. நம் முன்னோர் ஏற்றமும் கவலையும் கட்டி வயலுக்கு நீர் இறைத்தார்கள். டச்சுக்காரர்களோ வயலிலிருந்து நீரை வெளியே இறைத்தார்கள். அங்குள்ள நிலம், மக்கிய தாவரங்களால் ஆன சதுப்பு நிலம். வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் அது சுருங்கித் தாழ்ந்துவிடும். தாழ்ந்த பிறகு, மதகைத் திறந்து வைத்தாலும் நீர் தானாக ஆற்றுக்குப் போகாது. வடிக்க வடிக்க நிலம் தாழ்கிறது. தாழத் தாழ இன்னும் வடிக்க வேண்டியிருக்கிறது! இந்தச் சிக்கலுக்குத் தீர்வாகவே இக்காற்றாலைகளில் பெரும்பாலானவை 1738 முதல் 1740 வரை எழுந்தன.

இனி இயக்கத்தைப் பார்ப்போம். ஆலையின் தலைப்பகுதி மட்டும் தனியே திரும்பக்கூடியது. அதிலிருந்து பின்புறமாகத் தரைவரை இறங்கும் மரக்கம்பங்களின் அடியில் ஒரு சுழல்சக்கரம் இருக்கும். அதைச் சுழற்றி இறக்கைகளைக் காற்றின் திசைக்கு நேராக நிறுத்துவார்கள். நான்கு இறக்கைகளும் மரச்சட்டங்களே. காற்று மெல்ல வீசினால் அவற்றின்மேல் துணியை முழுவதும் விரிப்பார்கள்; பலமாக வீசினால் சுருட்டிவிடுவார்கள். இறக்கையோடு சுழலும் அச்சு, பற்சக்கரத்தின் வழியே ஆலையின் நடுவே நிற்கும் நெடுந்தூணைச் சுழற்றுகிறது. தூணின் அடியிலுள்ள பற்சக்கரங்கள் அந்தச் சுழற்சியைத் துடுப்புச் சக்கரத்திற்குக் கொண்டு சேர்க்கின்றன. அதன் பலகைகள் தாழ்ந்த வாய்க்காலின் நீரை உயர்ந்த தேக்கத்திற்குத் தள்ளுகின்றன. சக்கரம் நின்றால் நீர் திரும்பி வராதா? வராது. வாயிலில் உள்ள மரக்கதவை, திரும்பி வரும் நீரே அழுத்தி மூடிவிடும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். தேக்கத்தில் சேர்ந்த நீர், ஆற்று மட்டம் இறங்கும் வரை காத்திருந்து மதகு வழியே வெளியேறும்.

1868-இல் அங்கே நீராவி இறைப்பு நிலையங்கள் வந்தன; பின்னர் வந்த இயந்திரங்கள் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டன. ஆயினும் இரண்டாம் உலகப்போரில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது இந்தக் கிழட்டு ஆலைகளே மீண்டும் நீர் இறைத்தன. நாடு முழுவதும் 19-ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய 10,000 காற்றாலைகள் இருந்தன. இன்று எஞ்சியவை சுமார் 1,200.

அவற்றைப் பழுதுபார்த்துக் காக்க 1923-இல் ஒரு சங்கம் தோன்றியது. மரத்தை மாற்றலாம், ஓலைக்கூரையைப் புதிதாக வேயலாம். ஆனால் ஓடாத ஆலை உளுத்துப்போகும். ஓட்டத் தெரிந்தவரோ குறைந்துகொண்டே வந்தனர். ஆகவே 1972-இல் தன்னார்வ ஆலையோட்டுநர் சங்கம் உருவாகிப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. 2017-இல் யுனெஸ்கோ காற்றாலை, நீராலை ஓட்டுநரின் கைத்திறனையே மானுடப் பாரம்பரியமாக அறிவித்தது. கட்டடத்திற்குக் கிடைத்த மதிப்பு, இருபது ஆண்டுகள் கழித்தே அதை ஓட்டும் கைக்குக் கிடைத்தது.

இங்கேதான் என் எண்ணம் ஜார்ஜ் டவுனுக்குத் திரும்பியது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தபின், தலைமுறைகளாகக் கடைவீடுகளில் வாழ்ந்து தொழில் செய்த குடும்பங்கள் பல வெளியேறின. சுவர்களுக்கு வண்ணம் பூசியாயிற்று. லெபோ பாசாரில் பூக்கட்டுபவரும் பொற்கொல்லரும் இன்னும் எத்தனை ஆண்டுகள் இருப்பார்கள்? அவர்களுடைய தொழிலைக் கற்க நம்மில் யார் போகிறோம்?

கிண்டர்டைக் ஆலைகளில் பெரும்பாலானவற்றில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். அங்கே குடிவர விரும்புபவருக்கு ஆலையை ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.