மரங்கள் கூறும் மழைக் கணக்கு

ஏரிக்கரையை எவ்வளவு உயர்த்துவது, எத்தனை கிணறுகள் வெட்டுவது, எந்தப் பயிரை நம்புவது என்பன போன்ற கிராமத் திட்டங்கள் யாவும் அப்பகுதியின் சராசரி மழையைக் கொண்டே முடிவு செய்யப்படுகின்றன. அச்சராசரியை நாம் மழைமானிப் பதிவேடுகளிலிருந்து பெறுகிறோம். ஆனால் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டதே 1875-ஆம் ஆண்டில்தான். அதற்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் வானம் பொய்த்ததா, பொழிந்ததா என்பதை எவரிடம் கேட்பது? நெடுங்காலம் வாழ்ந்த மரங்களிடம் கேட்கலாம் என்கின்றனர் விஞ்ஞானிகள்.

பருவத்திற்கேற்ப வளர்ச்சி ஓங்கியும் ஒடுங்கியும் வரும் மரங்களில் ஆண்டிற்கொரு வளையம் தோன்றுகிறது. அகன்ற வளையம் நல்ல ஆண்டையும், குறுகிய வளையம் கெட்ட ஆண்டையும் பொதுவாகக் குறிக்கும். எனினும் அண்டை மரத்தின் நிழல், பூச்சித் தொல்லை, மரத்தின் மூப்பு ஆகியவையும் வளையத்தைக் குறுக்கிவிடக் கூடும். ஆகவே அகலத்தை அளப்பதோடு நில்லாமல், வளையத்தில் அடங்கிய அணுக்களையே ஆராயும் முறையும் கையாளப்படுகிறது.

நீரிலுள்ள ஆக்ஸிஜன் அணுக்கள் யாவும் ஒரே எடையுடையன அல்ல. பெரும்பாலானவற்றின் எடை எண் 16. ஏறக்குறைய 500-க்கு ஒன்றின் எடை எண் 18. ஒரே தனிமத்தின் இத்தகைய அணுவகைகளை ஐசோடோப்புகள் என்பர். இவ்விரண்டும் காலத்தால் சிதைவன அல்ல. ஆதலின் நிலையான ஐசோடோப்புகள் எனப்படுகின்றன.

நீர் ஆவியாகும்போது இலேசான அணுவைக் கொண்ட நீர் முந்திச் செல்கிறது, கனமானது பின்தங்குகிறது. வறண்ட ஆண்டில் மண்ணிலும் இலையிலும் எஞ்சும் நீரில் கன ஆக்ஸிஜனின் விகிதம் உயர்கிறது. அந்நீரின் அடையாளம், இலை சமைக்கும் உணவின் வழியே அவ்வாண்டு வளையத்தின் செல்லுலோஸில் பதிந்துவிடுகிறது. ஒவ்வொரு வளையத்தையும் தனியே சீவியெடுத்து, செல்லுலோஸைப் பிரித்து, அணுக்களை எடைவாரியாக அளக்கும் கருவியில் இட்டால் இவ்விகிதம் வெளிப்படும்.

பாகிஸ்தானின் வடபகுதியிலுள்ள காரகோரம் மலையில் ஜூனிப்பர் மரங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலும் வாழ்கின்றன. அவற்றின் வளையங்களைக் கெர்ஸ்டின் டிரைட்டே முதலிய ஆராய்ச்சியாளர்கள் இம்முறையில் ஆராய்ந்து, 2006-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். 18-ஆம் நூற்றாண்டும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியும் அங்கு வறண்டிருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஈரம் பெருகியது. ஆயிரம் ஆண்டுகளில் ஈரம் மிக்க காலம் 20-ஆம் நூற்றாண்டே என்று தெரியவந்தது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? அம்மலைநாட்டில் 20-ஆம் நூற்றாண்டின் மழையை மட்டும் கொண்டு சராசரி கணக்கிடுவோர், அரிதாக வாய்த்த செழிப்பை இயல்பெனக் கருதிவிடுவர். அக்கணக்கை நம்பி அமைத்த வாய்க்காலும் வயலும், பழைய வறட்சி திரும்பினால் தாங்க மாட்டா.

காரகோரத்தின் முடிவு தமிழ்நாட்டிற்குப் பொருந்தும் என்று கொள்ளலாகாது. ஒவ்வொரு நிலத்திற்கும் அந்நிலத்து மரமே சாட்சி. நம் அண்டை மாநிலமான கேரளத்தின் தேக்கு மரங்களைக் கொண்டு, வளைய அகலத்தின் வாயிலாக 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுக் கணக்கு வகுக்கப்பட்டு, 2010-இல் வெளியாகியுள்ளது. பருவமழை குன்றிய ஆண்டுகளில் வளையங்கள் குறுகியிருப்பதை அது காட்டுகிறது.

ஆயினும் மரத்தின் சாட்சியம் தனித்து நில்லாது. மழைமானிக் கணக்குள்ள ஆண்டுகளோடு ஒப்பிட்ட பின்னரே அதன் பொருள் உறுதிப்படும். காலை 8.30 மணிக்கு மழையை அளக்கும் ஊழியர் ஒரு நாள் தவறினாலும், அளவை ஊகித்து எழுதினாலும், அக்குறை பல நூற்றாண்டுக் கணக்கையும் பாதிக்கும். ஆதலின் மழைப் பதிவேட்டைப் பிழையின்றி எழுதுவதும், பழைய ஏடுகளைக் கறையானுக்கு இரையாகாமல் காப்பதும் கிராம வளர்ச்சிப் பணிகளுள் ஒன்றெனக் கொள்வோமாக.