உடற்குத்து (குத்துச்சண்டை)

உடற்குத்து என்பது குத்துச்சண்டையில் எதிராளியின் தலையை விடுத்து, இடுப்புப்பட்டைக் கோட்டுக்கு மேலுள்ள உடலின் முன்புறத்திலோ பக்கங்களிலோ விடப்படும் குத்து ஆகும். தலையை அசைத்துக் குத்திலிருந்து தப்புவது போல் உடலை எளிதில் விலக்க இயலாது. ஆகவே உடல் தலையை விட எளிய இலக்காகும். எனினும் குத்துபவருக்கு இதில் இடர் மிகுதி. தாழ்வாகச் செல்லும் கை அந்நேரத்தில் அவரது தாடையைக் காப்பதில்லை. எனவே உடற்குத்துப் பயிற்சியில் பெரும்பகுதி, தாடையைத் திறந்துவிடாமல் குத்துவதைப் பற்றியதே.

இலக்குகள்

கல்லீரல் வயிற்றின் வலது மேற்பகுதியில், கீழ் விலா எலும்புகளை ஒட்டி அமைந்துள்ளது. ஆகவே அதற்கு இடது கை ஹூக் ஏற்றது. இக்குத்து நன்கு விழுந்தால் வாங்கியவர் ஓரிரு நொடி நின்றுவிட்டு, பின்னரே மடிந்து விழுவதைக் காணலாம். நினைவு தெளிவாக இருக்கும். உடல் எழ மறுக்கும். 2004 செப்டம்பர் 18 அன்று லாஸ் வேகாசில் பெர்னார்ட் ஹாப்கின்ஸ் விட்ட இத்தகைய குத்தினால் ஆஸ்கார் டி லா ஹோயா ஒன்பதாம் சுற்றில் வீழ்ந்தார். அவர் நாக்-அவுட் முறையில் தோற்றது அதுவே முதன்முறை.

மற்றோர் இலக்கு நெஞ்சுக்குழி. அங்கு விழும் குத்து உதரவிதானத்தை இறுகச் செய்து, சிறிது நேரம் மூச்சை அடைக்கிறது. 1897 மார்ச் 17 அன்று நெவாடா மாநிலத்தின் கார்சன் நகரில் ஜேம்சு கார்பெட்டைப் பாப் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் பதினான்காம் சுற்றில் இவ்வாறே வீழ்த்தி அதிஎடைப் பட்டத்தை வென்றார். ஆறாம் சுற்றில் கீழே விழுந்து எழுந்தவர் ஃபிட்ஸ்சிம்மன்ஸ்தான். எடையிலும் அவரே குறைந்தவர்.

பாதுகாப்பாகக் குத்தும் முறை

இடுப்பை வளைத்துக் குனிவதே தொடக்கநிலையினர் செய்யும் பெரும் பிழை. அவ்வாறு குனிந்தால் பார்வை தரையை நோக்கும், தலை முன்னே நீளும். எதிராளியின் அப்பர்கட்டுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. தலைகள் மோதிக்கொள்ளவும் கூடும். மாறாக, முழங்கால்களை மடித்து, முதுகை ஏறத்தாழ நேராக வைத்தபடி உடலைத் தாழ்த்த வேண்டும். பார்வை எதிராளியின் மார்பில் இருப்பது நன்று.

வெறுமனே உள்நுழைந்து உடலில் குத்த முயல்வதும் ஆபத்தானது. முதலில் முகத்தை நோக்கி ஜாப் விட்டால் எதிராளியின் கைகள் மேலே எழும்; விலாப்புறம் திறக்கும். இடது கால் முன்னே நிற்கும் வீரர், இடது பாதத்தைச் சற்று இடப்புறம் வைத்துத் தலையை நேர்கோட்டிலிருந்து விலக்குகிறார். வலது கையுறை தாடையிலேயே இருக்கும். இடது முழங்கை உடலை ஒட்டியிருக்க, பாதமும் இடுப்பும் சுழல்வதால் குத்துக்கு விசை கிடைக்கிறது. கையை மட்டும் வீசினால் விசையும் குறையும், தாடையும் நெடுநேரம் திறந்திருக்கும்.

குத்தியபின் அங்கேயே நின்று விளைவைப் பார்ப்பது கூடாது. அதே கையால் தலைக்கு ஒரு ஹூக் விடலாம், அல்லது பக்கவாட்டில் விலகலாம். கை வந்த வழியே தாடைக்குத் திரும்ப வேண்டும்.

எதிராளி முழங்கையை இறக்கித் தடுத்தால் குத்து எலும்பில் மோதும். கைத்துணியும் கையுறையும் இருந்தும் உள்ளங்கை எலும்புகள் முறிவதுண்டு. திறந்த இடம் தெரியாதபோது முழு விசையுடன் குத்தாதிருப்பதே நல்லது.

பயிற்சியும் விதிகளும்

பயிற்சியின்போது பயிற்றுநர் தடித்த உடற்கவசம் அணிந்து இக்குத்துகளை வாங்கிக்கொள்வார். கவசமின்றி இருவர் மோதிப் பழகும்போது விசையைக் குறைத்தே குத்த வேண்டும். கல்லீரலில் மிதமான குத்தும் கடும் வலி தரும்.

இடுப்புப்பட்டைக்குக் கீழும், சிறுநீரகங்கள் உள்ள பின்புறத்திலும் குத்துவது விதிமீறலாகும். நடுவர் எச்சரிக்கலாம், புள்ளி குறைக்கலாம், தகுதிநீக்கமும் செய்யலாம். 1996-ஆம் ஆண்டில் ரிடிக் போவுடன் மோதிய இரு போட்டிகளிலும் ஆண்ட்ரூ கோலோட்டா தாழ்குத்துகளுக்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்.