பணத்துக்கு யோசனை சொல்பவர் யாருடைய ஆள்?

உடம்புக்கு முடியாவிட்டால் வைத்தியரிடம் போகிறோம். காணி வழக்கு வந்தால் சட்டத்தரணியிடம் போகிறோம். ஆனால் இருபது முப்பது வருடம் உழைத்துச் சேர்த்த பணத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் பக்கத்துக் கடைக்காரரிடமோ, காப்புறுதி விற்க வந்தவரிடமோதான் பதில் தேடுகிறோம். இக்கேள்விக்குப் பதில் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களே நிதித் திட்டமிடல் ஆலோசகர்கள்.

இத்தொழில் அவ்வளவு பழையது அல்ல. 1969 டிசம்பரில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 13 பேர் கூடிப் பேசியதிலிருந்தே இதன் வரலாறு தொடங்குகிறது. காப்புறுதியையும் முதலீட்டுப் பத்திரங்களையும் தனித்தனியாக விற்பதை விட, ஒரு குடும்பத்தின் வரவு, செலவு, கடன், முதுமை ஆகிய அனைத்தையும் ஒன்றாகப் பார்த்து ஆலோசனை சொல்ல வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். 1973இல் 42 பேர் முதல் அணியாகப் படித்து வெளியேறினார்கள். அவர்கள் பெற்ற ‘சி.எஃப்.பி.’ தகைமை இன்று பல நாடுகளில் வழங்கப்படுகிறது. அதற்குப் படிப்பும் பரீட்சையும் அனுபவமும் போதாது. ஒழுக்க விதிகளுக்கும் கட்டுப்பட வேண்டும். வாடிக்கையாளரின் நன்மையே முதலாவது என்பது அவ்விதிகளில் தலையானது.

நம் ஊர் வியாபாரிக்கு இவரால் என்ன பயன்? ஹட்டனிலிருந்து வரும் பாதை மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் பிரியும் நோர்வூட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே கடைக்குக் கடன் கொப்பியோடு வரும் தோட்டத் தொழிலாளிக்குச் சேமலாப நிதி இருக்கிறது. அவர் சம்பளத்தில் 8 வீதமும், நிர்வாகம் தரும் 12 வீதமும் அதில் சேர்கின்றன. நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் மேலும் 3 வீதம் கட்டுகிறது. கடன் கொடுக்கும் முதலாளிக்கோ இவற்றில் ஒன்றும் இல்லை. கடையே அவருடைய சேமிப்பு. கடை படுத்தால் முதுமையும் படுத்துவிடும்.

ஆகவே நல்ல ஆலோசகர் வந்தவுடன் எதையும் விற்கமாட்டார். கொப்பிகளைக் கேட்பார். கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் வேறாக்கச் சொல்வார். வரவேண்டிய கடனில் எவ்வளவு உண்மையில் வரும் என்று பார்ப்பார். வரட்சியில் கொழுந்து குறைந்தால் தோட்டத்தில் வேலைநாள் குறையும், வேலைநாள் குறைந்தால் கடன் வசூலும் குறையும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்தில் 10ஆம் திகதி சம்பளம் என்றால், வேனுக்குரிய லீசிங் தவணையை 5ஆம் திகதிக்கு வைக்க விடமாட்டார். வருடத்துக்கொரு முறை சரக்கை எண்ணி ஸகாத் கணக்குப் பார்க்கும்போதே முழுக் கணக்கையும் எழுதிவைக்கச் சொல்வார்.

2022ஐ மறந்துவிட முடியாது. அவ்வருடம் செப்டம்பரில் விலைவாசி முந்திய ஆண்டை விட ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தது. பழைய விலைக்குக் கடன் கொடுத்தவர்கள் முழுப்பணமும் வசூலித்தும், அதே சரக்கை அந்தப் பணத்துக்குத் திரும்ப வாங்க முடியவில்லை. கொப்பியில் இலாபம், இறாக்கையில் நட்டம். இதை முன்கூட்டிக் கணக்கிட்டுக் காட்டுவதே திட்டமிடல்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். ஆலோசகரின் சம்பளம் யாருடைய பையிலிருந்து வருகிறது? பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பனியின் கொமிஷனாகவே வருகிறது. கொமிஷன் வாங்குவது குற்றமல்ல. அதை மறைப்பதே குற்றம். இந்தியாவில் 2013இல் ‘செபி’ நிறுவனம் முதலீட்டு ஆலோசகர்களுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. ஆலோசனை சொல்வதையும் பொருள் விற்பதையும் பிரித்து வைப்பதே அவற்றின் நோக்கம்.

நம் நாட்டில் 2008 டிசம்பரில் ‘கோல்டன் கீ’ கடனட்டைக் கம்பனியில் பணம் வைத்திருந்தவர்கள் அதைத் திரும்பப் பெற முடியாமல் நின்றார்கள். ஒன்பதாயிரம் பேர் வரையில் வைத்திருந்த தொகை சுமார் 26 பில்லியன் ரூபா. வேறிடத்தில் கிடைக்காத வருமானமும், பெரிய பெயரொன்றின் நிழலும் அவர்களை இழுத்திருந்தன. ‘அங்கே வைக்காதீர்கள்’ என்று சொல்பவருக்குக் கொமிஷன் கிடைப்பதில்லை. கிடைக்காது என்று தெரிந்தும் அதைச் சொல்பவரே இத்தொழிலுக்குத் தகுதியானவர்.

அடுத்தது இரகசியம். சிறிய ஊரில் காலையில் ஒருவரிடம் சொன்ன கடன் விபரம் அஸருக்குள் பஸார் முழுவதும் பரவிவிடும். அதன்பின் மொத்த வியாபாரி சரக்குக் கொடுக்கத் தயங்குவார். வாடிக்கையாளரின் கணக்கு ஆலோசகரிடம் உள்ள அமானிதம்.

ஆலோசகரைத் தேடும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். உங்களுக்குப் பணம் தருவது யார்? நான் எதையும் வாங்காவிட்டாலும் ஆலோசனை சொல்வீர்களா? சொல்வதை எழுத்தில் தருவீர்களா? நீங்கள் காட்டும் நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதிப் பட்டியலில் உள்ளதா? அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புக்களுக்கே, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. இந்த உச்சத் தொகை 2021இல் நிர்ணயிக்கப்பட்டது. பங்குகளுக்கும் ஊர்ச் சீட்டுக்கும் அது கிடையாது.

இந்நான்குக்கும் முகம் சுளிக்காமல் நேராகப் பதில் சொல்பவரிடம் உங்கள் கொப்பியைத் திறந்து காட்டலாம். சுற்றி வளைத்துப் பேசுபவருக்கு ஒரு தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். செலவு அத்தோடு முடியும்.